வலது தூணுக்கு அடியில்

மண்ணுக்கு அடியில் இருப்பதை மேலே நின்றபடியே சொல்லும் வேலைக்கு வந்திருக்கிறீர்கள். சந்தோஷம். ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு வாருங்கள். நீங்கள் சொன்னது சரியா என்று பார்க்க யாராவது தோண்டுவார்கள். ஜோசியருக்கு அந்தத் தொல்லை கிடையாது, நமக்கு உண்டு. துளை போடும் ரிக் வண்டி வந்து நிற்கும், ஊரே சுற்றி நிற்கும், நீங்கள் பாறை என்று சொன்ன இடத்திலிருந்து சேறு வரும். அந்த நேரத்தில் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று எந்தக் கல்லூரியிலும் சொல்லித் தருவதில்லை. அந்த ஒரு விஷயத்தில் எனக்கு நல்ல அனுபவம் உண்டு.

கருவிகளைப் பற்றி நான் பேசப் போவதில்லை. என் காலத்தில் நாலு பேர் தூக்கி வந்ததை இன்று நீங்கள் தோள்பையில் போட்டுக்கொண்டு போகிறீர்கள். எல்லாம் எடை குறைந்துவிட்டது. முட்டாள்தனம் மட்டும் அன்றிருந்த அதே எடையில்தான் இருக்கிறது. அதைத் தூக்கிப் பழகியவள் என்ற முறையில் பேசுகிறேன்.

நான் தனியாகப் பொறுப்பேற்ற முதல் வேலை ஆலங்குளம் பக்கத்து மானாவாரிக் காட்டில். கரிசலுக்கு அடியில் சுண்ணாம்புக்கல் எங்கே முடிந்து வேறு பாறை தொடங்குகிறது என்று காந்தமானி வைத்துக் கண்டுபிடிக்க வேண்டும். அந்தக் கருவிக்கு இரும்பு ஆகாது. பக்கத்தில் இரும்பு இருந்தால் அதையும் பூமி சொல்லும் சேதி என்று நம்பி அளவை மாற்றிக் காட்டும். எனவே கூட வந்தவர்களை வரிசையாக நிறுத்திச் சோதனை போட்டேன். சாவிக்கொத்து, பெல்ட், பேனாக்கத்தி எல்லாம் ஜீப்புக்குப் போயின. ஆடு மேய்க்க வந்தவருடைய அரிவாளையும் வாங்கி வைத்தேன். என் கொண்டை ஊசிகளைக்கூட விடவில்லை.

காலை முழுக்க அளவுகள் சாதுவாக வந்தன. சாப்பிட்டுவிட்டு எழுந்தோம், அளவு ஒரே தாவல். அதன் பிறகு மாலை வரை அந்த உயரத்தை விட்டு இறங்கவே இல்லை. பாறை மாறும் எல்லை அவ்வளவு துல்லியமாக யாருக்கும் கிடைத்திருக்காது. வரைபடத்தில் சிவப்புக் கோடு போட்டு மேலிடத்துக்கு அனுப்பிவிட்டு, பாராட்டு வரும் என்று காத்திருந்தேன்.

தோண்டினார்கள். கோட்டுக்கு இந்தப் பக்கமும் சுண்ணாம்புக்கல், அந்தப் பக்கமும் சுண்ணாம்புக்கல்.

எங்கள் மண்டல அதிகாரி நேரில் வந்தார். அதிகம் பேசாத மனிதர். மறுபடி அளந்து காட்டச் சொன்னார். சாப்பாட்டு நேரம் வரை ஒன்றும் நடக்கவில்லை.

"அன்னைக்கு மதியத்துக்கு மேல என்ன மாறிச்சு?" என்று கேட்டார்.

"ஒண்ணுமே மாறல சார். வெயில்தான் ஏறிச்சு" என்று சொல்லிக்கொண்டே குடையை விரித்தேன்.

அவர் குடையைப் பார்த்தார். பிறகு நானும் நிமிர்ந்து பார்த்தேன். தலைக்கு மேலே, கருவிக்கு ஒரு முழத் தூரத்தில், இரும்புக் கம்பிகள் அழகாக விரிந்து நின்றன. நான் குடை பிடிக்கத் தொடங்கிய இடத்தில்தான் பாறை மாறியிருந்தது.

திருவில்லிபுத்தூர் அலுவலகத்தில் ரொம்ப காலம் நான் குடை மேடம். அதுகூடப் பரவாயில்லை. ஊரையெல்லாம் சோதித்துவிட்டுத் தன்னை விட்டுவிடக் கூடாது என்ற பாடத்தை நான் அளவுக்கு மீறிப் படித்துவிட்டேன். அதற்குப் பிறகு எதைப் பார்த்தாலும் சந்தேகம். நல்ல அளவு வந்தால் சந்தேகம், கெட்ட அளவு வந்தால் இன்னும் சந்தேகம். அந்தச் சந்தேகத்தோடுதான் கூமாப்பட்டிக்குப் போனேன்.

அதற்குள் எனக்குக் காது பக்கம் நரைத்திருந்தது. கூமாப்பட்டிக்கு மேற்கே, மலையடிவாரத்தில் ஓர் ஓடை. அக்கரையில் கொஞ்சம் வீடுகள், மாந்தோப்புகள். மழைக்காலத்தில் தண்ணீர் இறங்கினால் அக்கரை அக்கரையாகவே நின்றுவிடும். அங்கே பாலம் கட்ட வேண்டும். ஓடைக்குள் இரண்டு தூண்கள். பாறை மேல் உட்கார வேண்டும். பாறை எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று நாங்கள் சொல்ல வேண்டும்.

ஒப்பந்தக்காரர் வெங்கடேசன் ராஜபாளையத்துக்காரர். எங்களிடம் தமிழில் பேசுவார், கடவுளிடம் மட்டும் வீட்டுப் பேச்சான தெலுங்கில் பேசுவார். ஐப்பசி மழைக்கு முன் தூண்கள் தரைக்கு மேலே வந்தாக வேண்டும் என்பது அவர் கவலை. வராவிட்டால் ஒரு வருடம் போய்விடும்.

அந்த ஒரு வருடம் என்றால் என்ன என்பதை எனக்குச் சொன்னது பேச்சியம்மாள். அக்கரையில் மாந்தோப்பு வேலை பார்ப்பவள். முதல் நாளே, வெயிலுக்குத் துண்டு போட்டு உட்கார்ந்திருந்த தன் கணவனைக் காட்டினாள். அவருடைய வலது கை மடியில் கிடந்தது, யாரோ கொண்டுவந்து வைத்த பொருள் மாதிரி.

"போன மழைக்கு இவியளப் பாம்பு கடிச்சிருச்சு. இக்கரையில ஆம்புலன்ஸ் நிக்கி. அக்கரையில நாங்க கட்டிலோட நிக்கோம். நடுவுல தண்ணி. எம்புட்டு நேரம் நின்னோம்ங்கீக? உசுரு தங்கிருச்சு. கைதான் தங்கல. வெரசா கட்டி முடிங்கம்மா."

நாங்கள் செய்தது எளிய வேலைதான். தரையில் அதிர்வைக் கேட்கும் ஜியோபோன்களை வரிசையாக ஊன்றி, ஓர் இரும்புத் தட்டில் சம்மட்டியால் ஓங்கி அடிப்போம். அதிர்வு பாறையில் பட்டு ஓடிவரும் வேகத்தை வைத்துப் பாறையின் ஆழம் தெரியும். அடிக்கும்போது யாரும் அசையக் கூடாது என்பதால் ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. இரண்டு தூண்களுக்கும் கிட்டத்தட்ட இரண்டு ஆள் ஆழத்தில் பாறை என்று வந்தது. ரிக் ஓட்டும் அந்தோணி துளை போட்டார். இரண்டிலும் சொன்ன ஆழத்தில் பாறை. கொஞ்சம் உள்ளே அறுத்து, கல் துண்டுகளை எடுத்துப் பெட்டியில் அடுக்கினார். உருளை உருளையாக, உடையாத முழுக் கற்கள். வெங்கடேசன் சிரித்தார். வலது, இடது இரண்டுக்கும் குழி தோண்டி, கம்பியும் கட்டியாகிவிட்டது.

இடது தூணுக்குக் கான்கிரீட் போட வேண்டிய காலையில், நான் நிறுத்தச் சொன்னேன்.

காரணம், இடது பக்கத்தில் ஒரே ஒரு ஜியோபோனுக்கு அதிர்வு தாமதமாக வந்திருந்தது. பாறைக்குள் பெரிய பிளவு இருந்தால் அப்படி வரும். முந்தின நாள் இரவு அதிர்வு பதிவான தாளை வைத்துக்கொண்டு படுத்தவள், பிளவின் அகலம் நீளம் எல்லாம் மனதுக்குள் வரைந்து முடித்திருந்தேன். அந்தோணியிடம் இன்னும் ஆழமாக இறக்கச் சொன்னேன்.

இறக்கினார். பாறை. இன்னும் இறக்கினார். அதே பாறை. கலவை வண்டி சும்மா சுற்றிக்கொண்டு நின்றது. மத்தியானம் தாண்டியதும் அந்தோணி என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"இன்னும் எறக்கவா மேடம்? எனக்கு ஒண்ணுமில்ல. நீங்க சொன்னா அந்தப் பக்கம் வரைக்கும் போயிருவேன்."

நான் அந்தத் தாமத ஜியோபோன் ஊன்றிய இடத்துக்குப் போய் ஒரு குச்சியால் குத்திப் பார்த்தேன். குச்சி சுகமாக உள்ளே போய்விட்டது. நண்டு வளை. வளைக்கு மேலிருந்த பொருக்கு மண்ணில் ஜியோபோனை நட்டால் அதிர்வு தாமதமாகத்தான் வரும். அன்றைக்கு ஆள் குறைவு என்று அந்த வரிசையை ஊன்றியது நான். "நான் ஊன்றினால் சரியாக இருக்கும்" என்று வேறு சொல்லியிருந்தேன்.

வெங்கடேசன் பின்னாலேயே வந்து எட்டிப் பார்த்தார்.

"அப்ப பாறையில ஓட்டை இல்ல. நண்டு வீட்டுக்குத்தான் ஓட்டை. அப்படித்தான மேடம்?"

கம்பி கட்டுகிறவர்கள்வரை சிரித்தார்கள். பேச்சியம்மாள் சிரிக்கவில்லை. மலை மேலே மேகம் கட்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

இடது தூணுக்கு மறுநாள் கான்கிரீட் போட்டார்கள். அதற்கு அடுத்த நாள் வலது. நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை என்ற தீர்மானத்தோடு ஒரு மரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். அந்தோணி வண்டி கிளம்பும் முன் கல் பெட்டிகளை வெளியே எடுத்து, தூசி போக ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினார். வேறு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நனைந்த கல்லில் கோடுகள் தெரியும். கறுப்பும் வெளுப்புமாய்ப் பட்டை பட்டையான பாறை அது. இடது துளையிலிருந்து வந்த கற்கள் ஒரு நீள வரிசை. என் முட்டாள்தனத்தால் கிடைத்த நீளம். அதில் மேலிருந்து கீழ் வரை கோடுகள் நெட்டுக்குத்தாக நின்றன. பக்கத்தில் வலது துளையின் குட்டி வரிசை. அதில் கோடுகள் படுத்துக் கிடந்தன.

எழுந்து ஓடையோடு மேலே நடந்தேன். கொஞ்ச தூரத்தில் இரண்டு கரையிலும் பாறை வெளியே தெரிந்தது. அங்கேயும் கோடுகள், அலமாரியில் நிறுத்திய புத்தகங்கள் போல, நெட்டுக்குத்தாக. வேரோடு இருக்கும் பாறை அந்த ஓடை முழுக்க நின்றுகொண்டிருந்தது. வலது தூணுக்கு அடியில் இருப்பது மட்டும் படுத்திருக்கிறது என்றால், அது எப்போதோ மலையிலிருந்து உருண்டு வந்து விழுந்து, மண் மூடிப்போன ஒரு குண்டுக்கல்லாக இருக்கலாம். சின்னக் கல் இல்லை. வீடு அளவுக்கு இருந்தால் சம்மட்டி அதிர்வும் ஏமாறும், ரிக்கும் ஏமாறும்.

இப்படி ஒன்றைக் கண்டுபிடித்தால் பெருமையாக இருக்கும் என்று நினைப்பீர்கள். அந்தக் கற்களைப் பார்க்காமலே இருந்திருக்கலாம் என்று எனக்கு இருந்தது. முந்தாநாள் சிரித்தவர்கள் எல்லாம் அங்கேயே இருந்தார்கள். வாயை மூடிக்கொள்ள எனக்கு நல்ல காரணங்களும் இருந்தன. பாறைக்குள் கோடுகள் சில இடத்தில் மடங்கி வளைவதுண்டு, அப்படி வளைந்திருக்கலாம். என் தாளிலேயே வலது பக்கம் சுத்தமாக இருந்தது. சந்தேகப்பட வேண்டிய இடத்தில் நான் சந்தேகப்படவே இல்லை. எல்லாச் சந்தேகத்தையும் நண்டு வளையில் கொண்டுபோய்க் கொட்டியிருந்தேன்.

மண்டல அதிகாரிக்குப் போன் செய்தேன்.

"நிச்சயமாத் தெரியுமா?" என்றார்.

"தெரியாது சார்."

"முந்தாநாளும் தெரியாதுன்னுதானே நிறுத்துனீங்க?"

"அன்னைக்குத் தாளைப் பாத்துப் பயந்தேன் சார். இன்னைக்குக் கல்லைப் பாத்துப் பயப்படுறேன்."

"செய்ங்க. ஆனா இதுவும் பொய்யாப் போச்சுன்னா நான் உங்களுக்காகப் பேச முடியாது" என்றார். அது மிரட்டல் இல்லை, உண்மை. குடைக்கும் நண்டுக்கும் அவர் ஏற்கெனவே பேசியிருந்தார்.

வெங்கடேசனைக் கூப்பிட்டுக் கற்களைக் காட்டினேன்.

"இதுல கோடெல்லாம் நிக்குது, பாருங்க. இதுல படுத்திருக்கு."

"அசந்து படுத்திருக்கும் மேடம். நானும் ரெண்டு நாளாப் படுக்கல."

"இது உருண்டு வந்த கல்லா இருக்கலாம். ஒரே ஒரு தடவை இன்னும் ஆழமா இறக்கிப் பாத்துருவோம்."

அவர் என்னைப் பார்த்தார், மேகத்தைப் பார்த்தார், வந்து நின்ற கலவை வண்டியைப் பார்த்தார். "இதுவும் பாறைதான்னு வந்துட்டா?"

"அதுக்கப்புறம் நான் இந்தப் பக்கமே வரமாட்டேன்."

"இத மொதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா?" என்றவர், திரும்பிக் கத்தினார். "ஏலே அந்தோணி! ரிக்க எறக்கு!"

உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். நம் பேச்சுக்கு மதிப்பிருக்கும்போது எச்சரிப்பது சுலபம். மதிப்பெல்லாம் போன பிறகும் எச்சரிக்க வேண்டி வரும். அப்போது கௌரவத்தைப் பார்க்காதீர்கள், எந்தக் காரணத்துக்காகத் துளை போட்டாலும் போடட்டும் என்று விட்டுவிடுங்கள். அந்தத் துளை நான் சொன்னதை நம்பிப் போட்டது இல்லை, என்னை ஒழித்துக்கட்டப் போட்டது.

ரிக் அறுத்தது. பாறை. மறுபடி பாறை. வேலையை விட்டுவிட்டு ஆட்கள் வேடிக்கை பார்க்க வந்தார்கள். யாரோ "நண்டு சிக்குதா?" என்று கேட்டார்கள். நான் திருகித் திருகிச் சேலை முந்தானை கயிறாகிவிட்டது. மனதுக்குள் மாற்றல் விண்ணப்பம்கூட எழுதத் தொடங்கிவிட்டேன்: வேறு மாவட்டம், கடற்கரையாக இருந்தால் நல்லது, அங்கே பாறை கேட்கமாட்டார்கள்.

திடீரென்று இயந்திரத்தின் சத்தம் மாறியது. துளைக் கம்பி சட்டென்று ஒரு முழம் கீழே இறங்கியது. துளைக்குள் ஊற்றிக்கொண்டிருந்த தண்ணீர் மேலே வராமல் எங்கேயோ போய்விட்டது. அந்தோணி கையைத் தூக்கினார்.

"கல்லு முடிஞ்சுபோச்சு மேடம். கீழ வெறும் மணலு."

கம்பியை எடுத்ததும் ஆற்று மணலும் கூழாங்கல்லும் வந்தன. ஒருவரும் சிரிக்கவில்லை. வெங்கடேசன் குழியின் விளிம்பில் உட்கார்ந்து, "ஓரி தேவுடா" என்றார். பிறகு எங்களிடம் தமிழில் கேட்டார்: "இது மேலயா தூண நிறுத்தப் போனேன்?"

உண்மையான பாறை அதற்கு எவ்வளவோ கீழே கிடைத்தது. கோடுகள் நின்றன.

இந்த இடத்தில் எனக்கு மாலை விழுந்திருக்கும் என்று நீங்கள் எதிர்பார்க்கலாம். விழுந்தது பேச்சியம்மாளின் ஏச்சு. வலது தூணுக்கு அஸ்திவாரத்தையே புதிதாக வரைய வேண்டும். மழைக்கு முன் முடியாது என்று தெரிந்ததும் நேரே என்னிடம் வந்தாள். நான் பொறுமையாக விளக்கினேன். உருண்டைக் கல் மேல் கட்டினால் வெள்ளத்தில் அடியில் இருக்கும் மணல் அரித்துக்கொண்டு போய்விடும், பாலம் ஆட்களோடு சாய்ந்துவிடும் என்றேன்.

"நீங்க சொன்னது சரியாவே இருக்கட்டும். பாலம் இருந்தாத்தான சாயும்? இந்த ஐப்பசிக்கு நாங்க எது மேல நடக்க? மறுபடி கட்டிலத் தூக்கிட்டு நிக்கவா?"

என் வேலை பாறையைச் சொல்வது; பாலம் என் வேலை இல்லை. அப்படித்தான் சொல்ல வாயெடுத்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் கணவன் இடது கையால் வலது கையை எடுத்து மடியில் சரியாக வைத்துக்கொண்டிருந்தார். வாயை மூடிக்கொண்டேன்.

வெங்கடேசனிடம் போய், மேலே ஓடை குறுகும் இடத்தில் இரண்டு கரையிலும் பாறை வெளியே தெரிகிறதே, அதில் முளை அடித்து நடைபாலம் ஏதாவது போட முடியுமா என்று கேட்டேன். இன்னொரு சண்டைக்குத் தயாராகத்தான் போனேன்.

"சாரம் கட்டுற குழாயெல்லாம் எங்கிட்ட சும்மாதான் கெடக்கு. பால வேலையும் இப்ப இல்ல" என்றார். "ஆனா எந்தக் கல்லுல அடிக்கணும்னு நீங்கதான் காட்டணும். நிக்கிற கல்லு எது, படுத்த கல்லு எதுன்னு உங்களுக்குத்தான தெரியும்?"

அது கேலியா மரியாதையா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அவரோடு நடந்து கல் கல்லாகக் காட்டினேன். இந்தத் தடவை சுத்தியலால் தட்டி, தண்ணீர் ஊற்றி, கோடு பார்த்துத்தான் ஒவ்வொன்றையும் சொன்னேன். குழாய்ப் பாலம் ஒன்று எழுந்தது. ஒரு ஆள் பின் ஒரு ஆளாகத்தான் போக முடியும், நடந்தால் ஊஞ்சல் மாதிரி ஆடும். முதலில் நடந்து காட்டச் சொன்னது என்னைத்தான். பேச்சியம்மாள்தான் சொன்னாள். பாதி வழியில் கண்ணை மூடிக்கொண்டதைத் தவிர நன்றாகவே நடந்தேன்.

ஐப்பசியில் மழை வந்தது. ஓடை கரை தொட்டு ஓடியது. அந்த மழையில் அக்கரையிலிருந்து பிரசவ வலியோடு ஒரு பெண், முன்னால் ஒருத்தியும் பின்னால் ஒருத்தியுமாகப் பிடித்துக்கொள்ள, அந்தக் குழாய் மேல் நடந்தே வந்து ஆம்புலன்சில் ஏறினாள். பின்னால் பிடித்து வந்தவள் பேச்சியம்மாள்.

தண்ணீர் வடிந்த பிறகு வெங்கடேசன் என்னை அழைத்துக்கொண்டு போனார். வலது தூண் குழியை வெள்ளம் அகலமாக்கியிருந்தது. அடியில் மணல் போய், வீட்டளவு இருந்த அந்தக் குண்டுக்கல் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. மேலே கம்பிக்கட்டு வளைந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் குழியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பிறகு, "வாங்க மேடம், டீ சாப்பிடுவோம்" என்றார். என் பணிக்காலத்தில் எனக்குக் கிடைத்த பெரிய விருது அந்த டீதான். கொஞ்சம் சர்க்கரை தூக்கல்.

ஓய்வு பெற்ற பிறகு, சென்ற மழைக்கு, ஒரு கல்யாணத்துக்காக அந்தப் பக்கம் போனேன். கூமாப்பட்டியில் ஆட்டோ பிடித்தேன். ஓட்டியவருக்கு இளவயது, வாய் ஓயவில்லை. பாலத்தில் ஏறியதும் அவரே ஆரம்பித்தார்.

"இந்தப் பாலம் ஒரு வருசம் முந்தியே வந்திருக்கணும்மா. எல்லாம் ஒரு மேடத்தால வந்த வினை."

"அப்படியா? என்ன செஞ்சாங்க?"

"பாறை ரெண்டாள் ஆழத்துலயே இருந்துச்சாம். அந்தம்மா மெஷினக் கொண்டாந்து தட்டித் தட்டி, இருந்த பாறைய அடியில எறக்கி விட்டுருச்சாம். பொறவு தேடிப் பிடிக்க ஒரு வருசமாச்சுன்னு ஊருல சொல்லுவாக."

படுத்த கோடு, நின்ற கோடு, குண்டுக்கல், மணல் அரிப்பு எல்லாம் என் நாக்கு நுனி வரை வந்துவிட்டன. கீழே ஓடை செம்மண் நிறத்தில், மரக்கிளைகளை இழுத்துக்கொண்டு, உறுமிப் போய்க்கொண்டிருந்தது. நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டேன்.

"பாலம் இப்ப எப்படி இருக்கு?" என்று மட்டும் கேட்டேன்.

"பாலத்துக்கு என்னம்மா? அது பாட்டுக்கு நிக்கி. இம்புட்டுத் தண்ணி வந்தா ஊரே இது மேல ஏறி நின்னுதான் வேடிக்கை பாக்கும். அந்தா பாருங்க."

பாலத்தின் நடுவில், கைப்பிடிச் சுவரில் சாய்ந்தபடி, பெண்களும் பிள்ளைகளுமாய் ஒரு கூட்டம் வெள்ளத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. சரியாக வலது தூணுக்கு மேலே.

"செத்த நேரம் நிறுத்துப்பா" என்றேன். இறங்கி நானும் அவர்களோடு போய் நின்றுகொண்டேன்.